பின்சீட் இல்லாத வண்டி

பத்தரை மணி வரைக்கும் எதையும் தொடக் கூடாது, இதுதான் வேண்டுமென்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது என்று வாசலிலேயே அம்மா சொல்லிவிட்டாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அது தெரிந்தும் பத்து மணிக்கே வந்து நின்றதும் அம்மாவால்தான்; நேரமாகிவிட்டால் அவிநாசி ரோட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும், முன்னாடியே போய் ஏசியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றாள். அதனால் இந்துஜா இப்போது திருப்பூரின் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவின் நுனியில், இரண்டு கைகளையும் மடியில் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு சாண் உயர மேடையில் மூன்று வண்டிகள். மூன்றுமே க்ரூஸர்தான். தாழ்ந்த சீட், பெருத்த டேங்க், அவசரம் தெரியாத முகம். ஆனால் மூன்றும் மூன்று விதமான ஆளைக் கேட்டன. முதலாவது நீளமானது. காலை முன்னால் நீட்டி, கையையும் நீட்டி, ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி ஓட்ட வேண்டும். போன வாரம் ஏறிப் பார்த்தபோது அவளுடைய ஐந்தடி ஓரங்குலத்துக்கு அந்தக் கால்மிதி எட்டவில்லை. எட்டிப் பிடிக்கப் பார்த்துச் சீட்டிலிருந்து வழுக்கிக்கொண்டே போனாள். அதோடு அது கணக்கிலிருந்து போய்விட்டது. நடுவில் நிற்பது நிமிர்ந்த வண்டி. உயர்ந்த ஹேண்டில்பார், அகலமான பின்சீட், அதற்குப் பின்னால் மெத்தை வைத்த சாய்மானம், சேலை சிக்காமலிருக்கச் சக்கரத்தோரம் கம்பி வலை. யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளுங்கள் என்கிற வண்டி. மூன்றாவதில் ஓட்டுகிறவருக்குக் கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு சீட், அவ்வளவுதான். அதன் பின்னால் வெறும் மட்கார்டு, அதுவும் பாதியில் வெட்டிவிட்ட மாதிரி. இந்த மாதிரிக்கு பாபர் என்று பெயராம், விற்பனையாளன் நவநீதன் சொன்னான். மூன்று வாரமாக இந்துஜா பார்த்துக்கொண்டிருப்பது அந்த வண்டியைக்கூட இல்லை. அதன் பின்னால் இருக்கிற அந்த வெற்றிடத்தை.

"டீ சொல்லட்டுங்களாம்மா?" என்று நவநீதன் வந்தான்.

"சொல்லுங்க தம்பி, சக்கர கம்மியா," என்றாள் அம்மா. "பத்தரை ஆகட்டும். அதுக்கு மேல எங்க புள்ள சொல்லும். அம்மங்கிட்டப் பூக் கேட்டாச்சு."

"அட! பூ வந்துருச்சுங்களா?"

"செவப்பு வந்திருக்குது. செவப்புக்கு எந்த வண்டி, வெள்ளைக்கு எந்த வண்டின்னு அவ மனசுக்குள்ள நெனச்சிருக்கறா. எங்கிட்டயே இன்னும் சொல்லல. ராகு காலத்துல வாயத் தொறக்காதேன்னு நாந்தான் அடக்கி வெச்சிருக்கறேன்."

நவநீதன் சாமி விஷயத்துக்குக் காட்ட வேண்டிய மரியாதையைக் கண்ணை மூடித் திறந்து காட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு இந்துஜாவின் பக்கம் குனிந்தான். "மேடம், எதுக்கும் அந்த நீட்டு வண்டியில இன்னொருக்கா உக்காந்து பாத்துருங்க. மிதிய ரெண்டு இஞ்ச் பின்னாடி தள்ளிப் போட்டுத் தர்றேன். இந்த மாசம் அதுதான் போயிட்டிருக்குது."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவள் சிரித்தாள். வேண்டாம் என்பதற்கு அவளிடம் இருந்தது இந்தச் சிரிப்பு ஒன்றுதான். சரி என்பதற்கும் இதே சிரிப்பைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், நவநீதனும் அப்படியே எடுத்துக்கொண்டு உற்சாகமாகப் போனான்.

எந்த வண்டிக்கு எந்தப் பூ என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் நேற்றிலிருந்து நெஞ்சில் மீன் முள்ளாகக் கிடக்கிறது. நேற்று வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் பூசாரி வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் பொதிந்து, வெளியே நிறம் தெரியாமல் நூல் சுற்றி, அம்மன் காலடியில் போட்டார். ரெண்டையும் மனசுக்குள்ள நெனச்சுக்க அம்மிணி, நெனச்சுட்டு ஒண்ண எடு என்றார். இந்துஜா நினைத்தாள். வெள்ளைக்கு ஒற்றை சீட், சிவப்புக்கு நடு வண்டி. நினைத்த உடனே உறுத்தியது; வெள்ளை வந்தால்தான் நல்ல வாக்கு என்பார்கள், நமக்கு வேண்டியதற்கு நாமே வெள்ளையை ஒதுக்கிக்கொள்வது சாமியிடமே கள்ளத்தனம். மாற்றினாள். வெள்ளைக்கு நடு வண்டி, சிவப்புக்கு ஒற்றை சீட். இல்லையே, அம்மனுக்கு உகந்தது சிவப்பு, சேலைகூடச் சிவப்பு, அப்படியானால் இப்போது செய்ததுதான் கள்ளத்தனம். திரும்ப மாற்றினாள். அந்த நேரம் பார்த்துப் பூசாரியின் இடுப்பில் செல்போன் அடித்தது. கற்பூரத் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டே, நீ ரயில்வே கேட்டுகிட்ட வந்துட்டுக் கூப்புடுடா என்றார். அந்த இரண்டு நொடியில் அவள் மூன்றாவது முறையும் மாற்றினாளா, அல்லது மாற்றலாமா என்று யோசித்ததோடு நிறுத்திக்கொண்டாளா? கை நீண்டது, ஒரு பொட்டலத்தை எடுத்தது, பூசாரி நூலைப் பிரித்தார், செவ்வரளி. உத்தரவு குடுத்துட்டா என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்துஜாவும் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட பிறகுதான், எதற்கு உத்தரவு என்று உள்ளே தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. மூன்று முறை மாற்றியிருந்தால் சிவப்பு ஒற்றை சீட். இரண்டு முறையென்றால் சிவப்பு நடு வண்டி. இரண்டா, மூன்றா? ராத்திரி முழுக்கக் கோயிலை மனசுக்குள் திரும்பக் கட்டிப் பார்த்தாள். கற்பூரம் எந்தப் பக்கம் சாய்ந்து எரிந்தது, போன் எந்தப் பாட்டில் அடித்தது, பூசாரியின் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றில் எத்தனை முடிச்சு, எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை. சாயப்பட்டறை ஆய்வகத்தில் அவளுக்கு வேலையே நிறம் பார்ப்பது. ஜெர்மனிக்காரன் அனுப்பிய துண்டுத் துணியையும் இங்கே சாயம் ஏற்றிய துணியையும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து, இந்தச் சிவப்பில் மஞ்சள் கூடிவிட்டது, இதில் நீலம் ஒரு துளி குறைவு என்று எழுதிக் கொடுப்பவள். சாய மாஸ்டரே பார்த்துத் தடுமாறுகிற இரண்டு சிவப்புக்கு நடுவே வித்தியாசம் சொல்பவள். அவளுக்கு வெள்ளை எது சிவப்பு எது என்று தெரியவில்லை. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்ல முடியாது. முதலில் இதைப் பூவில் கொண்டுபோய் விட்டதே தப்பு. மூன்று வாரமாக அம்மா எந்த வண்டி எந்த வண்டி என்று கேட்க, பாக்கலாம்மா பாக்கலாம்மா என்று மென்று முழுங்கி, கடைசியில் அம்மாவே பூக் கேட்டுருவமா என்றபோது, தலையில் இருந்து மூட்டையை இறக்கிய மாதிரி சரி என்றாளே, அந்த சரிதான் தப்பு. தன் வாயால் சொல்ல முடியாததை அம்மன் சொல்லட்டும் என்று விட்டது. அம்மன் சொல்லியும் விட்டாள். கேட்டவளுக்குத்தான் கேள்வி மறந்துபோயிற்று.

டீ வந்தது. அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு நடு வண்டியைக் கண்ணால் அளந்தாள். கையால் தொடவில்லை, விதி அவளுக்கும்தான். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தச் சாய்மானத்தில் சாய்ந்துவிட்டாள் என்பது தோளைத் தளர்த்திக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

"ஏனுங் தம்பி, அந்தச் சாஞ்சுக்கற மெத்தை கெட்டியா இருக்குமா? எனக்கு முட்டி வலி, ஏறி எறங்கறப்ப எதையாச்சும் புடிக்கோணும்."

"யான மாதிரி இருக்குமுங்கம்மா. எங்கம்மாவ வெச்சுப் பழனி போயிட்டு வந்தேன். கோயமுத்தூருக்குப் போயிட்டு வந்தாப்பலதான் இருந்துச்சுன்னாங்க."

"கேட்டயா கண்ணு, பழனி!"

கேட்டது. பழனி, காங்கேயத்தில் பெரியம்மா வீடு, செவ்வாய்க்கிழமை மூட்டு டாக்டர், வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தை. அப்பா இறந்து ஆறு வருஷம், அந்த ஆறு வருஷமும் ஸ்கூட்டரின் பின்சீட் ஒரு நாள் முழுக்கக் காலியாக இருந்து அவள் பார்த்தது அபூர்வம். அம்மா இல்லாவிட்டால் அரிசி மூட்டை, மூட்டை இல்லாவிட்டால் கேஸ் சிலிண்டர், சிலிண்டர் இல்லாவிட்டால் எதிர்வீட்டு அக்கா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உட்டுரு சாமி என்று. எடை ஒரு பொருட்டே இல்லை, எடையை ஸ்கூட்டர் தாங்கியது. பின்னாலிருந்து வருகிற குரலைத்தான் அவள் தாங்க வேண்டியிருந்தது. பாத்து, பஸ்ஸு. பிரேக்குப் புடி. ஏன் புள்ள இந்த வேகம். அந்தப் பக்கமா போயிருக்கலாம். அவன் ஆரன் அடிக்கறான் பாரு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சூடான மூச்சு பிடரியில் படும், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அம்மாவின் இடது கை அவள் இடது தோளைப் பிடித்து அழுத்தும். போன தீபாவளிக்கு அளவெடுத்த டெய்லர் அக்கா, ஏம்மா உனக்கு ஒரு பக்கத் தோள் எறங்கியிருக்குதே, பை தூக்குவியா என்று கேட்டாள். ஆமாங்க்கா, பை என்றாள் இந்துஜா. போன சித்திரையில் அம்மா பெரியம்மா வீட்டில் பத்து நாள் தங்கினாள். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. மறந்துபோயில்லை. சும்மா நேரே போனாள், பெருமாநல்லூர் தாண்டி, எங்கே போகிறோம் என்று கேட்க ஆளில்லாததால் பதில் தயாரிக்க வேண்டிய வேலையும் இல்லாமல். ஒரு சோளக்காட்டோரம் நிறுத்தியபோது ஹெல்மெட்டுக்குள் அவள் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரமாகவே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆய்வகத்தில் அத்தனை பேர் நடுவில் நாளுக்கு இருபது வார்த்தை பேசாதவள். என்ன பேசினாள் என்று நினைவில்லை. அந்தக் குரல் நன்றாக இருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. மறு மாதமே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெண்களுக்கு கியர் வண்டி பழக்குகிற வகுப்பில் சேர்ந்தாள், அம்மாவிடம் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு. அப்புறம் ஸ்கூட்டரின் இன்ஜின் தேய்ந்து திணற ஆரம்பித்து, இனி இதுக்குச் செலவு பண்றது வீண் என்று மெக்கானிக் கையை விரித்தபோது, சேர்த்து வைத்த தன் பணத்தில் பெரிய வண்டியாக வாங்கலாம் என்று அவள் மெல்ல எடுத்துப் போட்டதும், அம்மா, வாங்கிக்க கண்ணு, உனக்குன்னு என்ன கேட்டிருக்கற இதுவரைக்கும் என்று உடனே சொன்னாளே, அதுதான் இன்னும் கழுத்தைப் பிடிக்கிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடவாவது பழகியிருக்கலாம்.

ஸ்கூட்டரை இங்கேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டும். வீட்டு வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அப்படியானால் ஒற்றை சீட் என்றால் அம்மாவுக்கு பஸ்தான். முட்டியைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஒரு காலை வைத்து, கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்த, பின்னால் நிற்பவர்கள் தள்ள. இந்துஜா அந்தப் படத்தைத் தள்ளிவிட்டாள். அது வேறு உருவத்தில் வந்தது. ஏங்க்கா, ருக்குமணி மக பின்சீட் இல்லாத வண்டி வாங்கியிருக்கறாளாமா, பெத்தவளையே ஏத்த மாட்டாளாமா, நாளைக்கு கட்டிக்கிறவன் எங்க உக்காருவான், பெட்ரோல் டேங்க்லயா? எதிர்வீட்டு அக்காவின் குரல் அப்படியே வந்தது. ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்யலாம். மாதம் இத்தனை என்று பேசிவிட்டால் செவ்வாயும் வெள்ளியும் வாசலுக்கு வந்து ஏற்றிக்கொள்வார்கள், முட்டிக்கும் அதுதான் நல்லது, அதில் சாய்மானமும் உண்டு. எல்லாம் சரி. எல்லாவற்றுக்கும் வழி இருந்தது, ஏன் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அம்மா, நீ பின்னால் உட்காருவது எனக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? அதற்கு நாசூக்கான வாக்கியம் ஒன்று எங்காவது இருக்கும் என்று மூன்று வாரம் தேடியாயிற்று. ஒன்று செய்யலாம். சிவப்புக்கு ஒற்றை சீட்டுதான் நினைத்தேன் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? அம்மன் உத்தரவு என்றால் அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டாள், பஸ் படியைக்கூட அம்மன் கொடுத்தது என்று ஏறிவிடுவாள். அம்மனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்து, அவள் பேரைச் சொல்லி வாங்கிய வண்டியில், இரண்டே சக்கரத்தில், மணல் லாரிகள் போகிற ரோட்டில் தினமும் போக வேண்டும். நாலு சக்கரமாக இருந்தாலாவது துணிந்திருக்கலாம் என்று தோன்றியது. அவளுக்கே எரிச்சலாக வந்தது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. ஒரு இலைப் பொட்டலத்துக்குப் பயந்து சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். உண்மையிலேயே சிவப்பு ஒற்றை சீட்டாகவே இருந்தால்? அப்போது அவள் சொல்வது பொய்யே இல்லை. ஆனால் பொய்யா இல்லையா என்று தெரியாமல் சொல்வது பொய்தானே? இரண்டா, மூன்றா? கற்பூரம், போன், கறுப்புக் கயிறு, மறுபடி கற்பூரம். நவநீதன் நீட்டு வண்டியின் கால்மிதியைக் குனிந்து ஸ்பேனரால் தளர்த்திக்கொண்டிருந்தான். அவளுக்காக. அவள் சிரித்ததற்காக. அதை நிறுத்தச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை, ஒருவன் முட்டி போட்டு வேர்க்க வேர்க்க ஒரு வீண் வேலையைச் செய்துகொண்டிருக்கிறான், அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"பத்து முப்பத்தி ஒண்ணு," என்றாள் அம்மா, செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து. "எந்திரி. வலது காலை வெச்சுப் போயித் தொடு. அம்மன் எதக் குடுத்தான்னு இப்பச் சொல்லு."

நவநீதன் ஸ்பேனரோடு எழுந்து நின்றான்.

இந்துஜாவும் எழுந்தாள். "தெரியலம்மா."

"என்ன தெரியல?"

"செவப்புக்கு எத நெனச்சேன்னு... மறந்துட்டேன்."

அம்மா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "மறந்துட்டயா? கடையில பருப்பு வாங்க மறக்கறாப்பலயா? சாமிகிட்டக் கேட்டுப்போட்டு, என்ன கேட்டேன்னு மறந்துட்டயா?"

"மாத்தி மாத்தி நெனச்சேன். கடைசியா எப்படி உட்டேன்னு தெரியல."

"இதுக்குத்தான் பொழுதன்னிக்கும் வாயில கொழுக்கட்டையாட்ட எதையோ வெச்சுட்டுத் திரியாதேங்கறது." அம்மா நவநீதன் பக்கம் திரும்பினாள். "பாருங்க தம்பி, இத வெச்சுட்டு நான் என்ன பண்ண?"

"உடுங்கம்மா, நமக்கே எத்தன மறக்குது," என்றான் அவன். நல்லவன். "அடுத்த வெள்ளிக்கெழம இன்னொருக்கா பூப் போட்டுப் பாத்துட்டு வாங்க. இந்தவாட்டி ஒரு சீட்டுல எழுதி வெச்சுக்கங்க மேடம்."

"அதுவும் செரி. வா, போலாம்," என்று அம்மா முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. மறுபடி இலை, நூல், கற்பூரம், மறுபடி மாற்றி மாற்றி நினைப்பது, மறுபடி இந்த சோபா, மறுபடி ஆறிய டீ. அவளுக்குள் எதுவும் கொதிக்கவில்லை, பொங்கவில்லை. இனி ஒரு வாரம் இதையே நினைக்கத் தெம்பில்லை என்று மட்டும் தோன்றியது. துணிச்சல் என்று அதைச் சொல்ல முடியாது, அலுப்புதான்.

"ஒத்த சீட்டு வண்டி," என்றாள். "அதுதான் வேணும்."

"ஞாபகம் வந்துருச்சா?"

"இல்லம்மா. அம்மன் என்ன சொன்னாளோ தெரியல. நாஞ் சொல்றேன்."

அம்மா அந்த வண்டியைப் பார்த்தாள். அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். "அதுல நான் எங்க உக்கார்றது?"

இந்துஜா வாயைத் திறப்பதற்குள் நவநீதன் முந்திக்கொண்டான், முகமெல்லாம் வெளிச்சமாக. "அதுக்கெல்லாம் வழி இருக்குதுங்கம்மா! தனியா ஒரு பின்சீட் வருது. நாலு போல்ட்டு, பத்து நிமிஷ வேல. கம்பி வலை, கால்மிதி எல்லாஞ் சேத்து மாட்டிக் குடுத்தர்றேன். நாலு பேருக்கு மாட்டியிருக்கறேன்."

"அட, அப்பறம் என்ன!" அம்மாவின் தோள் மறுபடி தளர்ந்தது. "அதச் சொல்லறதுக்கா இத்தன நேரம் முழிச்சே? மாட்டிருங்க தம்பி."

இருந்த தெம்பையெல்லாம் முதல் வாக்கியத்திலேயே செலவழித்துவிட்டிருந்தாள். இன்னொன்று தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியாது. சிரிப்பு தானாக உதட்டுக்கு வந்துகொண்டிருந்தது, அது வந்துவிட்டால் முடிந்தது, நாலு போல்ட்டு, பத்து நிமிஷம், அப்புறம் ஆயுசுக்கும் பாத்து, பஸ்ஸு. உதட்டைப் பல்லால் கடித்துச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்றாள்.

"ஃப்ரீயா மாட்டித் தர்றேன் மேடம்."

"வேண்டாங்க. மாட்டாதீங்க."

"ஏன் கண்ணு?" என்றாள் அம்மா.

"அதுல நான் மட்டும் போகோணும்." குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் ஏசி சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தமில்லை. "உனக்கு ஆட்டோ பேசி உட்டுடறேன், டாக்டருக்கு, கோயிலுக்கு, எல்லாத்துக்கும். வண்டியில மட்டும் நான் தனியா போறேன்."

அம்மா டீ டம்ளரைக் குனிந்து எடுத்து, இந்துஜாவின் ஆறிய டம்ளரையும் எடுத்து, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போடப் பார்த்து, டீ இருந்ததால் போட முடியாமல், மேசை மேலேயே வைத்தாள். நவநீதன் ஸ்பேனரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பேப்பர் எடுத்தாறனுங்க என்று நகர்ந்துவிட்டான். அவன் படிவத்தோடு திரும்பி வந்தபோதும் இருவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். பெயர், முகவரி, நிறம். நிறத்துக்கு நேரே கறுப்பு என்று எழுதினாள், யோசிக்கவில்லை.

"இன்சூரன்சுக்கு நாமினி யாருங்க மேடம்? அம்மா பேரு போட்டுறலாங்களா?"

"நாமினின்னா?" என்று அம்மா கேட்டாள்.

"வண்டி ஓட்டறவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, பணம் யாருக்குன்னு..."

"உங்க வாயக் கழுவுங்க." அம்மா படிவத்தை ஒரு விரலால் தள்ளினாள். "உக்கார எனக்கு எடமில்லையாமா. இதுல மட்டும் எம் பேரு எதுக்கு?"

சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவு வரைக்கும் நடந்து போனாள், முட்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. கதவைத் திறக்கவில்லை. வெளியே வெயிலில் நிற்கிற ஸ்கூட்டரைப் பார்த்தபடி நின்றாள். அம்மா தள்ளிய படிவத்தை இந்துஜா திரும்ப இழுத்துக்கொண்டாள். இப்போது ஓடிப்போய், சரிம்மா, நடு வண்டியே எடுத்துக்கலாம் என்று சொல்லிவிடலாம். அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக, முழுசாக, நாக்கு நுனியில் வந்து நிற்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. மூன்று வாரம் தேடியபோது இந்த மாதிரி ஒன்று கிடைக்கவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. நாமினி என்ற இடத்தில் ப. ருக்குமணி என்று எழுதினாள். உறவு, தாய். வயது. ஐம்பத்தி மூன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஐந்தைப் போட்டுவிட்டு மூன்றை ஆரம்பிக்கும்போது, கதவுப் பக்கமிருந்து, திரும்பிப் பார்க்காமலே அம்மா சொன்னாள்:

"ஆதார்ல அம்பத்தாறுன்னு இருக்குது. அதையே போடு."